எடுக்கச் சொன்ன வரி

தேசிகனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தேழு வயது மனிதர், தன்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவளான என்னை வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்' என்பார். பதினெட்டு வருடம் வேலை பார்த்த கம்பெனி அனுப்பிவிட, எட்டு மாதம் பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டில் சும்மா இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். அவருடைய புரொபேஷன் இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. அன்றைக்கு வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் போகும்.

நான் வித்யாலட்சுமி, அவருடைய டீம் லீட். ஹோட்டல் சமையலறையில் மாட்டும் திரைக்கு ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுகிறோம். பரிமாறுகிற சர்வர் தன் போனில் ஆர்டரைத் தட்டினால் நிரலுக்குள் 'புது ஆர்டர்' என்று ஓர் அறிவிப்பு போகும். அந்த அறிவிப்புக்குச் சந்தா போட்டிருக்கும் பகுதிகள் அதைக் கேட்டுத் தங்கள் வேலையைச் செய்யும். ஒன்று மணியடிக்கும், ஒன்று சீட்டு அச்சடிக்கும். ஒரு பகுதி திரையிலிருந்து போகும்போது அதன் சந்தாவை ரத்து செய்துவிட வேண்டும். வீட்டைக் காலி செய்கிறவர் பேப்பர்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதில்லையா, அதேதான்.

தேசிகன் இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தார். இடப்பக்கம் போட்ட சந்தா, வலப்பக்கம் அதை ரத்து செய்யும் வரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு பேனாவால் கோடு போடும் மனிதரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் ஒரே ஒரு மசால் தோசைக்கு ஒன்பது சீட்டு வந்தது. சமையல்காரர் ஒன்பது தோசையும் போட்டுவிட்டார். தோசைத் திரையிலிருந்து ஜூஸ் திரைக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் சந்தா சேர்ந்திருக்கிறது. பழையது ஒன்றுகூட ரத்தாகவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் சேஷகிரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ரத்து செய்யும் வரியை நீக்கியது யார் என்று அவர் திரையில் இருந்தது. தேசிகன், மார்ச் பதினாலு.

"இதை எடுத்தது நீங்கதானா?"

"ஆமா சார். நான்தான் எடுத்தேன்."

அது உண்மை. மீதி உண்மை என்னிடம் இருந்தது. அவர் எழுதியதைச் சரிபார்த்தபோது அந்த வரிக்குக் கீழே 'இது தானாகவே ரத்தாகிவிடும், எடுத்துவிடுங்கள்' என்று குறிப்பு எழுதியவள் நான். 'சந்தா எல்லாத்துக்கும் பொதுவான இடத்துல இருக்கே மேடம், தானா போகுமா?' என்று கேட்டிருந்தார். 'பதினோரு வருஷமா இதைத்தான் பண்றேன்' என்று பதில் போட்டேன். அவர் எடுத்துவிட்டார். பேசி முடித்த குறிப்புகள் மடங்கி மறைந்துவிடும். தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

தேசிகன் நோட்டைத் திறந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. வலப்பக்கத்தில் ஒரு வரியைக் கோடு போட்டு அடித்திருந்தார். அருகே பொடி எழுத்தில் 'வி.ல. சொன்னது'. அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் நோட்டை மூடினார்.

எனக்குப் பயமாக இருந்தது. தப்பு செய்ததைவிட, அந்தப் பதினோரு வருஷப் பீற்றல் எல்லார் கண்ணிலும் படுமே என்றுதான் பயம்.

மத்தியானம் மூன்று மணிக்குச் சேஷகிரி அறைக்குப் போய் அந்தக் குறிப்பைத் திறந்து காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா."

"இப்ப சொல்றேன் சார். அவர் மேல தப்பில்ல."

"ஆயித்தும்மா, முடிஞ்சுபோச்சு. ஹோட்டல்காரங்க பேர் கேட்டாங்க. தேசிகனை வேலையை விட்டு எடுத்துட்டோம்னு பன்னெண்டு மணிக்கே மெயில் போட்டாச்சு. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இன்னொரு மெயில் போடுங்க. என் பேரைப் போடுங்க."

"லீட் பேரையா? அப்புறம் அவங்க காண்ட்ராக்டே வேண்டாம்பாங்க. பிடும்மா, விட்டுடு." லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது தேசிகன் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"நோட்டுல எழுதி வெச்சிருந்தீங்களே, ஏன் காட்டல?" கோபமாகத்தான் கேட்டேன். என்மேல் வந்த கோபத்தை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் மேடம்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. மழை வரும் என்று நினைத்தேன், வரவில்லை என்பதுபோலச் சொன்னார். பையை மாட்டிக்கொண்டு, நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.

என் திரையில் அவருடைய திருத்தம் ஒன்று என் சம்மதத்துக்காகக் காத்திருந்தது. காலை பதினோரு மணிக்கே அனுப்பியிருக்கிறார். நான்தான் திறக்கவில்லை. அதே பழைய வரி, அதே இடத்தில். படித்துப் பார்க்க வேறு எதுவும் இல்லை. சரி என்று அழுத்தினேன்.