துடைக்காத கண்ணாடி

மணிக்கு முந்நூறு ரூபாய். தன் முகத்துக்கு ருக்மணி அம்மாள் போட்டிருந்த வாடகை அது. வரைய வந்தவள் பெற்ற மகளாயிற்றே என்று ஐந்து பைசா குறைக்கவில்லை. "உன் எதிர்ல அசையாம உக்காந்தா என் கடையை யாருடி பாக்கறது?" மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் அவள் எவர்சில்வர் பாத்திரம் விற்றுவந்தாள். அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாருமில்லை. மகள் வீணாவும் ஜெயித்ததில்லை.

அந்த முகத்தின் மேலிருந்த கண்ணாடியைத்தான் வீணா இப்போது துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள் அம்மா. காப்பி குடிக்கும் நேரத்துக்குள் ஃப்ரீஸர் பெட்டி வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டது. வெளியே மழை, பெட்டியின் கண்ணாடி வேர்த்துக்கொண்டே இருந்தது. துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி மூடிக்கொள்ளும். தோஹாவிலிருந்து தம்பி சுதீர் வந்து பார்த்ததும் எடுத்துவிடுவதாக ஏற்பாடு. அதாவது, மத்தியானம் வரைக்கும்தான் இந்த முகம்.

வீணாவுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. சில வருடங்களுக்கு முன் வாட்டர்கலர் ஆசை பிடித்துக்கொண்டது. நல்ல படம் வேண்டுமென்றால் நல்ல இடம் வேண்டும் என்று நினைத்து ஹம்பிக்குப் போனாள், கூர்குக்குப் போனாள். "பெட்ரோல் போட்டு அவ்ளோ தூரம் போயி பாறையை வரைஞ்சிட்டு வர்றே. லால்பாக்ல இருக்கற பாறை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள் அம்மா. அதன் பிறகுதான் அந்த அம்மாவையே உட்காரவைக்கும் யோசனை வந்தது.

காசு கொடுத்து வரைந்த ஒவ்வொரு படத்தையும் ருக்மணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதுச் சரக்கில் நெளிவு தேடுவதுபோலப் பார்ப்பாள். வீணா போட்ட உழைப்பில் குறைச்சல் இல்லை. ஒரு பூச்சு பூசி, ஹேர் டிரையரால் காயவைத்து, அதன்மேல் அடுத்த பூச்சு. ஒரு சுருக்கம்கூடத் தப்பியதில்லை.

"கடையில ஸ்டாக் எடுத்த மாதிரி ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கே. இதுல நான் எங்கடி?"

அவள் சொன்னது சரி என்பதுதான் வீணாவுக்கு வலித்தது. இனிமேல் சரிசெய்துகொள்ள மத்தியானம் வரைதான் நேரம்.

துண்டு சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. வேறு துண்டு எடுக்க உள்ளே போனவளை அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கன்னடத்தில் ஒருத்தி அழுதாள், தமிழில் ஒருத்தி பூ எங்கே வாங்கலாம் என்று கேட்டாள். எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்தது.

வீணா நின்றுவிட்டாள்.

சுருக்கம் எதுவும் இல்லை. இமை இல்லை, உதட்டின் ஓரம் இல்லை. கறுப்பும் நரையும் கலந்த ஒரு கலங்கல், அதன் கீழே நெற்றியின் வெளிச்சம், விபூதி இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம். கழுத்தருகே புடவையின் பச்சை தாடைக்குள் கசிந்திருந்தது. தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் ருக்மணி என்று சொல்லிவிடலாம்.

சாவு வீட்டில் தோன்றுகிற யோசனையா இது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கால்கள் அறைக்குப் போய்விட்டன. பலகையில் ஒட்டிய காகிதம், வண்ணப் பெட்டி, பெரிய பிரஷ், ஒரு சொம்புத் தண்ணீர். திரும்பி வந்தால், அம்மாவின் தங்கை உஷா சித்தி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு கண்ணாடியை நோக்கிக் குனிந்திருந்தாள்.

"துடைக்காதீங்க சித்தி."

"ஏன்டி, மூஞ்சியே தெரியலயே?"

"தெரியுது."

சித்தி பலகையைப் பார்த்தாள், வீணாவைப் பார்த்தாள். "உயிரோட இருந்தப்ப வராதது இப்ப வந்துருமா?" என்று கேட்டாள். ஆனால் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீணா தரையில் உட்கார்ந்தாள். டிரையரை மாட்ட வழியில்லை. ஹாலில் இருந்த ஒரே பிளக்கை ஃப்ரீஸர் பெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. மழைக்காற்றில் காகிதமும் தானாகக் காய்கிற மாதிரி இல்லை. காயும்வரை காத்திருக்க நேரமும் இல்லை. ஈரத்தின் மேலேயே ஈரத்தை வைத்தாள். நெற்றிக்கு வண்ணமே வைக்காமல் காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டாள். கறுப்பு, தான் போக நினைத்த இடத்துக்கெல்லாம் போயிற்று. வழக்கமாக டிஷ்யூவால் ஒற்றியெடுக்கும் கை, இன்று தொடைமேல் பேசாமல் கிடந்தது.

எழவு வீட்டில் படம் வரைகிற கூத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நாற்காலி வரிசையில் ஒரு குரல் முணுமுணுத்தது.

"நீங்க வந்து அழறீங்க, அவ இதைப் பண்றா," என்றாள் சித்தி. "கொஞ்சம் நவுந்து உக்காருங்க. வெளிச்சம் மறைக்குது."

நாற்காலிகள் நகர்ந்தன.

சுதீர் வந்தபோது தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. பெட்டியின் மேல் கை வைத்து, நெற்றியையும் வைத்து, வெகுநேரம் அழுதான். நிமிர்ந்தபோது அக்காவின் மடியிலிருந்த பலகை கண்ணில் பட்டது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"விலை சொல்லப்போற மாதிரியே இருக்காங்கக்கா."

உஷா சித்தி உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

வண்டி வந்தது. படம் இன்னும் காயவில்லை. சாய்த்தால் எல்லாம் வழிந்துவிடும். பெண்கள் மின் மயானத்துக்கு வர வேண்டுமா என்று யாரோ தொடங்கியதற்கு சுதீர் காது கொடுக்கவில்லை. முதலில் பலகையை வாங்கிக்கொண்டு, அக்கா ஏறி உட்கார்ந்ததும், தண்ணீர் நிரம்பிய தட்டைப்போல மட்டமாக அவள் மடியில் வைத்தான். அம்மா அவர்கள் காலடியில் படுத்திருந்தாள்.

ஸ்ரீராமபுரம் பக்கம் திரும்பும்போது ஒரு வேகத்தடை. டிரைவர் மெதுவாகத்தான் ஏற்றினார். ஆனாலும் கழுத்தோரம் தேங்கியிருந்த பச்சை உடைந்து, மெல்லிய கோடாகத் தாடை வரைக்கும் போய் நின்றது. வீணா அதைப் போகவிட்டாள். பிறகு பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நெற்றி வந்துவிட்டது. மூக்கு வந்துவிட்டது. வாய், மோவாய், புடவைக் கரை, எல்லாம் வந்துவிட்டன. இடது காது மட்டும் இன்னும் வரவேண்டியது பாக்கி.