ஓடாத வண்டியின் பெல்ட்

மஹாதேவனின் காருக்குப் பன்னிரண்டு வயது. ஓடியிருப்பது பதினெட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லும்போது அவர் குரல் குழையும். பெண் மாதங்கி பிளஸ் டூவில் வாங்கிய மார்க்கைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக்க வரிசையில் நிற்பவர், எதிர் ஃப்ளாட் முகர்ஜி, கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. "அப்படியென்றால் எதற்கு வாங்கினீர்கள்?" என்று முகர்ஜி ஒருநாள் அப்பாவியாகக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து முகர்ஜியோடு பேச்சு 'நொமொஷ்கார்' அளவில் நின்றுவிட்டது.

வண்டி வாரத்துக்கு இரண்டு முறை வெளிச்சம் பார்க்கும். வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரியை ஒரு சுற்று. மினிபஸ் டிரைவர்கள் பல் தேய்ப்பதற்குள் அவர் வீடு திரும்பியிருப்பார். பிறகு வண்டிக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் இன்னோர் உறை. உண்மை என்னவென்றால், கல்கத்தா டிராஃபிக்கில் வண்டி ஓட்ட அவருக்குப் பயம். ஆனால் வங்கியில் சீஃப் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் பயம் என்ற வார்த்தையை வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? அதற்குப் 'பராமரிப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவர் மனைவி ஜலஜா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஐம்பத்தொன்பதாவது வயதில், சொல்லாமல் கொள்ளாமல். காலையில் வாக்கிங் என்று கிளம்பிப் போனவள், கீதாஞ்சலி என்ற பெண் நடத்தும் டிரைவிங் ஸ்கூலின் வண்டியில் இரண்டு மாதம் கரியாஹாட்டைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். லைசென்ஸைக் கொண்டுவந்து காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்த அன்றுதான் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரியும். காப்பி ஆறிப்போயிற்று.

அவளுக்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. மாதங்கி இருப்பது சால்ட் லேக்கில். இரண்டு வயதுப் பேத்தி சுபிக்ஷா அங்கே இருக்கிறாள். பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்று இவர் மனசு வைக்க வேண்டும், இல்லை மாப்பிள்ளை சுஜித் லீவு போட்டுவிட்டு வந்து அழைத்துப் போக வேண்டும். முதலாவது நடந்ததில்லை. இரண்டாவதைக் கேட்க அவளுக்குக் கூசியது. வாழ்நாள் முழுக்க ஒருவர் கூட்டிப் போக ஒருவர் கொண்டுவந்து விட என்று இருந்தாயிற்று. இனி நினைத்தபோது தானே போய்த் தானே வர வேண்டும் என்பது அவள் ஆசை. வருகிற நவராத்திரிக்கு மாதங்கி வீட்டுக் கொலுவுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவது என்று தீர்மானமும் செய்துவிட்டாள்.

மஹாதேவன் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து ஆட்சேபணை ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"டைமிங் பெல்ட் மாத்தலை. அந்த வண்டியை அவ்வளவு தூரம் எடுத்துண்டு போகப்படாது" என்றார்.

"அப்போ மாத்துங்கோ."

"எதுக்கு மாத்தணும்? அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடினாத்தான் மாத்தணும். இது பதினெட்டாயிரம்தானே ஓடியிருக்கு?"

"அப்போ பெல்ட் நன்னாத்தானே இருக்கும்? ஓட்டலாமே."

"பன்னெண்டு வருஷத்துப் பெல்ட்டை மாத்தாம எப்படிடீ ஓட்டறது?"

ஜலஜா அவரையே பார்த்தாள். பெல்ட்டை மாற்ற வேண்டாம், ஏனென்றால் வண்டி ஓடவில்லை. வண்டியை ஓட்ட வேண்டாம், ஏனென்றால் பெல்ட்டை மாற்றவில்லை. இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டை நிர்மாணிக்க வங்கியில் முப்பத்தைந்து வருஷமாவது இருந்திருக்க வேண்டும். அவள் வாதாடவில்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தைத் தேடி எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள். அறுபதாயிரம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம், இதில் எது முந்தி வருகிறதோ அப்போது.

"எது முந்தி வருகிறதோ" என்ற வார்த்தைகளை, வங்கியில் கடன் கேட்டு எதிரே உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு விரலால் சுட்டிக்காட்டிப் படித்துச் சொன்னவர் மஹாதேவன். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை இளக்காரமாகப் பார்த்தவர். தன் பெல்ட் என்று வந்ததும், "அது கம்பெனிக்காரன் வியாபாரத்துக்கு எழுதறது" என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டார்.

மாதங்கி போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மா ஆசைப்படறா. ஒரு பெல்ட்டுக்காகவா இத்தனை சண்டை? மெக்கானிக்கிட்ட எடுத்துண்டு போயேன்." அதற்கு மேல் தட்ட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில், காலியான தெருக்களின் வழியாகத் தில்ஜலாவில் இருந்த இஸ்மாயிலின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தபோது கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. காத்திருந்தார்.

இஸ்மாயிலின் அப்பா தோல் வியாபாரத்துக்காக ஆம்பூரிலிருந்து வந்தவர். மகன் தோலை விட்டுவிட்டு இரும்புக்கு மாறியவன். தமிழ் மறக்கவில்லை. பானெட்டைத் திறந்து, பெல்ட்டின் மேல் மூடியைக் கொஞ்சம் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தான்.

"மாத்திடுங்க சார். வெடிப்பு விட்டிருக்கு."

"பதினெட்டாயிரம்தான்பா ஓடியிருக்கு."

"ரப்பருக்குக் கிலோமீட்டர்லாம் தெரியாது சார், வயசுதான் தெரியும். நிக்கிற வண்டியிலயும் அது காய்ஞ்சுகிட்டேதான் இருக்கும். இன்ஜினுக்குள்ள மேல வால்வு, கீழ பிஸ்டன், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்காம ஆடுதுன்னா இந்தப் பெல்ட்டாலதான். இது அறுந்துச்சுன்னா ரெண்டும் மோதிக்கும். இன்ஜினைப் பிரிச்சாகணும்."

தெளிவாகச் சொன்னான். மஹாதேவனுக்குத் தெளிவாகப் புரிந்தது. புரிந்ததுதான் தொல்லை. பெல்ட்டை மாற்றிவிட்டால் அவளைத் தடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. பெல்ட் அறுவதைவிட அவருக்கு அது பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. மாற்றவில்லை என்றாலோ மாதங்கி விடமாட்டாள். "ஆயிலை மட்டும் மாத்து. பெல்ட்டை அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். இஸ்மாயில் தோளைக் குலுக்கிக்கொண்டு ஆயிலை மாற்றினான்.

வீட்டுக்கு வந்து, "மாத்தியாச்சு" என்றார்.

அதோடு விட்டிருந்தாலும் சாதாரணப் பொய்யாகப் போயிருக்கும். ஆனால் அவர் ஆவணமில்லாமல் எதையும் விட்டதில்லை. மெக்கானிக்குகள் பெல்ட் மாற்றினால் தேதியும் கிலோமீட்டரும் எழுதி பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மேஜையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து, கொட்டை எழுத்தில் கோணல்மாணலாக எழுதி, விரலில் கொஞ்சம் கிரீஸைத் தொட்டு அதன் ஓரத்தில் தடவி, தானே ஒட்டிவைத்தார். ஜலஜா பானெட்டைத் திறந்து அதைப் படித்துப் பார்த்தாள். "தேங்க்ஸ்னா" என்றாள். அந்த வீட்டில் அவள் அவருக்கு நன்றி சொல்லி வெகுநாளாகியிருந்தது. அவருக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் அவர் கணக்கு வேறு: இரண்டு நாள் ஏரிக்கரையில் ஓட்டுவாள், ஏதாவது ஆட்டோக்காரன் கண்டபடி திட்டுவான், பயந்துகொண்டு தானாகவே விட்டுவிடுவாள்.

ஆட்டோக்காரன் திட்டினான். ஜலஜா கண்ணாடியை இறக்கி, பெங்காலியில் அவனைத் திருப்பித் திட்டினாள். அந்த மாதிரி வார்த்தைகள் அவளுக்குத் தெரியும் என்பதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மஹாளய அமாவாசை முடிந்த மூன்றாம் நாள், மத்தியானம் மூன்று மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். பின் சீட்டில் ஒரு தூக்கு நிறையக் கடலைச் சுண்டல், சுபிக்ஷாவுக்கு ஒரு பாவாடை. ஜலஜா பட்டுப்புடவையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். மஹாதேவன் இடப்பக்கம் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழிநெடுக மிதித்துக்கொண்டு வந்தார். ராஷ்பிஹாரி அவென்யூவில் பந்தல் மூங்கில்கள் பாதித் தெருவை விழுங்கியிருந்தன. கரியாஹாட்டில் ஜனங்கள் துணி வாங்க நடுரோட்டிலேயே நடந்தார்கள். அவள் ஒரு பதற்றமும் இல்லாமல் நுழைந்து வெளியே வந்தாள். ரூபி முனையில் ஒரு பஸ் குறுக்கே வந்தபோது நின்று, அதைப் போகவிட்டு, பிறகு பைபாஸில் திரும்பினாள். அவரைவிட நன்றாக ஓட்டினாள். அவருக்கு வயிறு எரிந்தது. கூடவே, சொல்லக் கூடாத மாதிரி கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சயின்ஸ் சிட்டியைத் தாண்டியதும் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இன்ஜின் சத்தமே இல்லை. டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஜலஜா பலத்தையெல்லாம் கூட்டி ஸ்டியரிங்கைத் திருப்பி, இண்டிகேட்டர் போட்டு, ஓடுகிற வேகத்திலேயே வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் வெறுமனே கிறுகிறுவென்று சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

மஹாதேவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"நான் என்னன்னா பண்ணினேன்?" என்றாள் அவள். "கிளட்ச்சை அமுக்கலையோ? ரொம்ப நேரம் மூணாவது கியர்லயே வந்துட்டேனோ?"

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவருக்கு அவகாசம் இருந்தது. அவர் வாயைத் திறக்கவும் செய்தார். "போறது விடு, எல்லாருக்கும் இது கைவராது" என்றார், மிகப் பெருந்தன்மையாக.

இஸ்மாயிலுக்கு போன் செய்தார். "பெல்ட்டுதான் சார் போயிருக்கும். நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றான் அவன். "ஆமா, ஆமா, டோ வண்டி அனுப்பு" என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னார்.

ஜலஜா சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "எனக்கு வேண்டாம்னா. இனிமே கேக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அவர் ஆசைப்பட்டது முழுக்க அந்தக் கையில் வந்து சேர்ந்துவிட்டது. இனி உறைக்கு மேல் உறை போட்டு நிம்மதியாக இருக்கலாம். அதற்கு அவர் செய்ய வேண்டியதெல்லாம் பேசாமல் இருப்பது ஒன்றுதான்.

அவள் போன் அடித்தது. மாதங்கி. "கிளம்பியாச்சா அம்மா? சுபி வாசல்லயே நிக்கறா."

"வரலைடீ" என்றாள் ஜலஜா. அழுகையை அடக்கிக்கொண்டு, தப்பு செய்துவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கிற சின்னப் பெண்ணின் குரலில் சொன்னாள். "வண்டியை நான் கெடுத்துட்டேன். அப்பா பன்னெண்டு வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருந்தார். நான் ஒரே நாள்ல கெடுத்துட்டேன். எனக்கு இந்த வயசுல இந்த ஆசை வந்திருக்கப்படாது."

மஹாதேவனால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"பெல்ட்டை நான் மாத்தலை" என்றார்.

ஜலஜா போனை இறக்கினாள். "என்ன?"

"மாத்தச் சொன்னான். வெடிச்சிருக்குன்னு காட்டினான். நான் ஆயில் மட்டும் மாத்திண்டு வந்துட்டேன். ஸ்டிக்கர் நான் எழுதினது." பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீ ஓட்ட ஆரம்பிச்சுட்டா என்னை எதுக்கும் கேக்க மாட்டியேன்னு பயமா இருந்தது."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். ஆட்டோக்காரனுக்குக் கிடைத்ததில் பாதியாவது தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். அவள் போனை மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ நான் நன்னாத்தான் ஓட்டினேனா?"

"நன்னா ஓட்டினே."

"கரியாஹாட்லயும்?"

"கரியாஹாட்லயும். நானா இருந்தா அங்கேயே நிறுத்திட்டு இறங்கியிருப்பேன்."

ஜலஜா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்து, "மாதங்கி, சுஜித்தைச் சயின்ஸ் சிட்டி தாண்டி வரச் சொல்லு, கார் இங்கே நிக்கறது. நான் கெடுக்கலை. அப்பா வந்து சொல்லுவார்" என்று வைத்தாள்.

வெள்ளைச் சட்டைப் போலீஸ் சார்ஜன்ட் ஜன்னலைத் தட்டினார். இங்கே நிற்கக் கூடாது, முன்னால் ஐம்பதடி தள்ளி அகலமான ஓரம் இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள் என்றார். வண்டி எப்படிப் போகும் என்பது அவருடைய பிரச்சினை இல்லை.

ஜலஜா கையை நீட்டினாள். மஹாதேவன் சாவியைக் கொடுத்தார். அவள் சாவியைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எறங்கித் தள்ளுங்கோ."

"நானா?"

"பின்னே? ஓட்டத் தெரிஞ்சவாதானே ஸ்டியரிங் பிடிக்கணும்."

முன்னாள் சீஃப் மேனேஜர் இறங்கினார். நவராத்திரிக்கென்று கட்டியிருந்த ஜரிகை வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் போய் இரண்டு கையையும் வண்டியில் வைத்துத் தள்ளினார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன ஒருவன் உற்சாகப்படுத்திவிட்டுப் போனான். ஜலஜா கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி வெளியே கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் வேகமாக என்று ஆட்டினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினார்.