எண்பத்தேழாவது புத்தகம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பெரிய பொய் இல்லை. ஒரு மனைவி படித்து முடித்த புத்தகங்களின் பட்டியலில், அவள் இறந்த பிறகும் பதினொரு புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. சேர்த்தவன் கணவன். அவனை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. பார்த்துவிட்டேன்.

2

"அவள் போன அன்று வானம்..."

வேண்டாம். அன்று நான் வானத்தைப் பார்க்கவில்லை.

"துக்கம் என்பது ஒரு"

எது என்று தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தபோது மச்சினி போனில் கூப்பிட்டாள். (இது போதும். ஆனால் போனை எடுக்கும் முன் பட்டியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது மணி அடித்துக்கொண்டிருக்கட்டும்.)

3

கணினியில் ஓர் அட்டவணை. அவளுக்கு ஒரு பக்கம், அவனுக்கு ஒரு பக்கம். புத்தகத்தின் பெயர், அதன் வகை, ஒரே ஒரு வரியில் கருத்து. தேதி கிடையாது. "படிக்கிறதுக்கு என்ன ரயில் நேரமா?" என்று அவள் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டாள்.

அவள் ஏழு வகை வைத்திருந்தாள். துப்பறியும் கதை, வரலாறு, கவிதை, பயணம், சமையல், அறிவியல், ஏழாவதாகப் பிராணி வளர்ப்பு. ஒரு வகையைப் படித்தால் மற்ற ஆறையும் சுற்றிவிட்டுத்தான் திரும்ப அதைத் தொடலாம். அவனோ துப்பறியும் கதையை விட்டு நகரமாட்டான். அவனுக்கு அவள் வைத்த பெயர் 'ஒத்தை அலமாரி'.

அவள் எழுதிய கருத்துகள் சில:

வரலாறு: "ராஜா செத்த பிறகுதான் சூடு பிடிக்கிறது."

சமையல்: "உப்பு எவ்வளவு என்று சொல்ல இந்த மனுஷனுக்கு மனசே வரவில்லை."

கவிதை: "நாலு எனக்கு. மீதியை அவரே வைத்துக்கொள்ளட்டும்."

எண்பத்தாறாவது புத்தகம் அறிவியல். அதை முடித்த வாரத்தில் இறந்தாள். அடுத்தது பிராணி வளர்ப்பு. மீன் வளர்ப்பைப் பற்றிய புத்தகத்தை முன்கூட்டியே வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒருநாள் அவன் அதை எடுத்துப் படித்தான். முடித்ததும் அவள் பக்கத்தில் எண்பத்தேழு என்று பதிந்தான். அவள் முறைதானே அது? பிறகு துப்பறியும் கதை, வரலாறு, கவிதை என்று சுற்று தொடர்ந்தது. ஒன்பது மாதத்தில் தொண்ணூற்றேழு வரை வந்துவிட்டான். அவனுடைய பக்கம் அப்படியே நின்றது.

அப்போதுதான் மச்சினி பட்டியலைக் கேட்டாள். அக்கா படித்ததையெல்லாம் அதே வரிசையில் படிக்கப்போவதாகச் சொன்னாள். அவன் அனுப்பிவிட்டான். திருத்தாமல்.

(ஏன் திருத்தவில்லை? திருத்தினால் எண்பத்தாறுக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம்.)

4

போனை எடுத்தான்.

"அத்தான், சீக்கிரம் பேசுங்க. ஒருத்தர் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கார். மரத்துப்போக இன்னும் பத்து நிமிஷம் ஆகும்."

மச்சினி பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள்.

"சொல்லு."

"அக்கா எதுக்கு மீன் புத்தகம் படிச்சா? ஒரு மீன் செத்தா ஒரு வாரம் சாப்பிடமாட்டாளே."

"ஏழு வகையில வருது."

"அது சரி. அதுக்கு என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'நன்று.'"

இயந்திரம் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அடுத்தது, 'படித்தேன்.' அதுக்கடுத்தது, 'பரவாயில்லை.' அத்தான், எங்க அக்கா 'பரவாயில்லை'ன்னு சொல்ற ஆளா? கல்யாணத்துக்கு முன்னாடி உங்களைப் பாத்துட்டு வந்து என்கிட்ட முக்கால் மணி நேரம் பேசுனா. அதுல பாதி உங்க சட்டையைப் பத்தி."

"என்ன சட்டை?"

"பேச்சை மாத்தாதீங்க."

5

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் மச்சினியை வேறு மாதிரி எழுதியிருந்தேன். நாலு பக்கம் அழுதாள். திரும்பப் படித்தபோது அது அவள் அழுகையாகத் தெரியவில்லை. எனக்கு வராததை அவள் தலையில் கட்டியிருந்தேன். கிழித்துவிட்டேன். பல் மருத்துவமனையில் நின்றுகொண்டு சத்தம் போடுகிறவள்தான் உண்மையானவள்.*

* அவளும் அழுதிருப்பாள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதமாட்டேன் என்று இரண்டாம் பகுதியிலேயே முடிவாகிவிட்டது.

6

"எதுவரைக்கும் அக்கா? எந்த எண்ணுல நிறுத்தினா?" என்று கேட்டாள். இப்போது குரல் இறங்கியிருந்தது.

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவன், "எல்லாமே அவதான்" என்கிறான். மச்சினி நம்புவதுபோல் போனை வைக்கிறாள். தொண்ணூற்றெட்டாவதாக ஒரு பயணப் புத்தகம் சேர்கிறது. பிறகு நூறு, இருநூறு. மனைவி படித்துக்கொண்டே இருக்கிறாள், எல்லாமே பரவாயில்லை என்றபடி. இந்த முடிவில் அவளுடைய எண்பத்தாறு வரிகளும் மெல்ல மெல்ல அவனுடையதைப் போலவே ஆகிவிடுகின்றன. இதை எழுதி முடித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆகவே மற்றது.

"எண்பத்தாறு" என்றான்.

சொல்லிவிட்டு இயந்திரத்தை நிறுத்தினான். லென்ஸ் அதற்குள் தேவைக்கு மேல் தேய்ந்துவிட்டிருந்தது. வேறொன்று எடுக்க வேண்டும்.

அந்தப் பக்கம் யாரோ வாயில் பஞ்சுடன் ஏதோ முனகினார். "ஒரு நிமிஷம் சார், துப்பாதீங்க" என்றாள் மச்சினி. பிறகு போனுக்குத் திரும்பினாள்.

"சரி. எண்பத்தாறோட அக்கா முடிஞ்சுது. குறிச்சுக்கிட்டேன்."

"ம்."

"அந்தப் பதினொண்ணும் உங்களுது. உங்க பக்கத்துக்கு மாத்திடுங்க. மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க."

"என்ன?"

"மீன் புத்தகம் எப்படி இருந்துச்சு? 'நன்று'ன்னு சொன்னீங்கன்னா போனை வெச்சுடுவேன்."

ஒன்பது மாதத்தில் அவனிடம் எல்லாரும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றுதான் கேட்டிருந்தார்கள்.

7

"அதுல ஒரு இடம் வருது" என்று அவன் ஆரம்பித்தான். "புதுத் தொட்டியில தண்ணி ஊத்தின உடனே மீனை விடக்கூடாதாம். ஒரு மாசம் சும்மா வெச்சிருக்கணுமாம். பாத்தா வெறும் தண்ணிதான். ஆனா உள்ளுக்குள்ள ஏதோ"

இந்த வாக்கியத்தை நான் பலமுறை முடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அழகாக வந்துவிட்டது. அவன் அழகாகப் பேசுகிறவன் இல்லை. மச்சினி குறுக்கிடாமல் காத்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் நாலைந்து நிமிஷம் இருக்கிறது. நீங்கள் அவசரப்படுத்தாமல் இருந்தால் அவனே முடித்துவிடுவான்.