கதிரின் பவளம்

கதிர் பைக் விபத்தில் போன பிறகு, அவன் அறையில் உயிரோடு மிஞ்சியது அந்தக் கண்ணாடித் தொட்டி ஒன்றுதான். உப்புநீருக்குள் ஒரு பவளம், மான்கொம்பு மாதிரி கிளைவிட்டு, நுனியெல்லாம் ஊதாவாக நின்றது. வடவள்ளி மாடி வீட்டில், கடலையே காணாத ஊரில், நகத்தளவு துண்டிலிருந்து அதை வளர்த்தெடுத்திருந்தான்.

அதைச் சாகவிடக் கூடாது என்று தங்கை வர்ஷினி மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டாள். அண்ணன் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் கை பழகியிருந்தது. உப்பின் அளவு பார்ப்பாள். சுண்ணாம்புச் சத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். நீர் வற்றினால் ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுவாள்.

"மீனே இல்லாத தொட்டிக்கு நாள் பூரா லைட்டுங்களா? கல்லுக்குக் கண்ணாலம் பண்ணி வெக்கறாப்பல இருக்குதுங்க அம்மணி!" என்று பக்கத்து வீட்டு மயிலாத்தாள் சிரித்தாள்.

"கல்லில்லீங்க்கா, உசுரு," என்றாள் வர்ஷினி.

மழைக்காலம் வந்தது. குளிருக்குத்தான் தொட்டியில் நீர் குறையவில்லை என்று நினைத்தாள். முதலில் தொட்டியில் பாசி மேயும் நத்தைகள் செத்தன. பிறகு பவளம், கிளையெங்கும் பூப்போல மலரும் தன் பொடி வாய்களை விரிக்கவில்லை. அடியிலிருந்து தோல் உரிந்து வெளுத்துக்கொண்டே போனது. பாதித் தண்ணீரை மாற்றிப் பார்த்தாள். கேட்கவில்லை.

அந்தத் துண்டைக் கதிருக்குக் கொடுத்த உக்கடம் ரைஹானுக்குப் போன் செய்தாள்.

"செம்பு ஏதாச்சும் உள்ள போச்சாம்மா? ஒயரு, காசு? துளி பட்டாலும் அது தாங்காது. கதிரு சொல்லலையா?"

"சொல்லீருக்குதுங்ண்ணா. அப்படி எதுவும் போகலீங்க."

மறுநாள் காலை, பால் வாங்கித் திரும்பியவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மகன் போனதிலிருந்து படுத்தே கிடந்த அம்மா பொற்கொடி, தொட்டியருகே இடுப்பில் செப்புக்குடத்தோடு நின்று, தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"நீ பால் வாங்கப் போறப்ப நெதமும் கொறஞ்சதை நாந்தான் ஊத்தி நெரப்பறேன் கண்ணு. கொழாய்ல வர்ற சிறுவாணித் தண்ணி. ராத்திரியே செப்புக்கொடத்துல புடிச்சு வெச்சிருவேன். உடம்புக்கு அதான நல்லது? உங்கண்ணன் வேற தண்ணி குடிப்பானா?"

வர்ஷினி குனிந்து பார்த்தாள். தொட்டிக்குள் ஒரு நுனியில்கூட ஊதா இல்லை. வெறும் எலும்பு.

"பாரு, என்னமா வெள்ளையா பூத்துப்போட்டுது! மல்லியப்பூவாட்ட. அவன் இருக்கறப்ப இப்படி இருந்துச்சா?"

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

"இல்லீங்கம்மா," என்றாள் வர்ஷினி. "இப்படி இருந்ததில்லை."

"சித்த புடி கண்ணு, கொடம் கனக்குது."

வர்ஷினி பால் பையைக் கீழே வைத்தாள். குடத்தின் அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். மிச்சத் தண்ணீரும் மெல்ல உள்ளே இறங்கியது.