ஆனைப்பாறைத் தோட்டத்தின் பூச்சிய முறைப்பாடு

இதனால் மலைநாட்டு மக்களுக்கும், கொழும்புக் கடைகளில் வேலைபார்க்கும் அவர்களது பிள்ளைகளுக்கும், இனிமேல் பிறக்கவிருக்கும் சந்ததியினருக்கும் அறியத்தருவதாவது: டிக்கோயாவுக்கு மேலே ஆனைப்பாறைத் தோட்டத்துத் தண்ணீர்ச் சங்கத்தின் தலைவர் திருவாளர் முத்துலிங்கம் அவர்கள், ஒரு வெள்ளிக்கிழமை சுபமுகூர்த்தத்தில், மேளதாளத்துடன், ஓர் இணையத்தளத்தின் உரிமையாளராகப் பதவியேற்றார்.

உரிமையாளர் என்றால் சாதாரணமில்லை. அந்தத் தளத்தில் எதையும் சேர்க்கலாம், மறைக்கலாம். யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு நிறுத்துவது என்று தீர்மானிக்கலாம். தோட்டத்துத் துரைக்குக்கூட இவ்வளவு அதிகாரம் கிடையாது. அவருக்கு மேலே கொழும்பில் ஒரு கம்பனி இருக்கிறது. முத்துலிங்கத்துக்கு மேலே ஆகாயம் மட்டுமே இருந்தது. அதுவும் அன்று மேகமூட்டம்.

தளத்தை உண்டாக்கியவள் சங்கத்தின் செயலாளர் வினோதா. அட்டனில் கணினி வகுப்பு எடுக்கிறவள். ஆனைப்பாறையில் இரண்டு டிவிசன். மேல் டிவிசனுக்குப் பக்கத்திலேயே தொட்டி. அங்கே எப்போது திறந்தாலும் தண்ணீர் கொட்டும். கீழ் டிவிசனுக்கு வரும்போது குழாயில் காற்றுதான் வரும். அதனால் கீழ் டிவிசன் முழுவதும் ஒரே ஒரு பீலியடியில் கேனை வரிசையாக வைத்துவிட்டு, மலையிலிருந்து கசிந்து ஒழுகுவதைப் பிடித்துக்கொண்டிருந்தது. முத்துலிங்கத்தின் வீடும் கீழ் டிவிசன்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பின்னால் மறந்துவிடுவார்.

வினோதாவின் ஏற்பாடு எளிமையானது. வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றுக்கும் ஒருவர், குறையைத் தன் போனிலேயே முறைப்பாடாக எழுதலாம். பைப் வேலை பார்க்கும் செல்லசாமி அதைப் பார்த்து, சரிசெய்துவிட்டு, 'முடிந்தது' என்று மாற்றலாம். மற்ற எல்லோரும் பார்க்கலாம். முதல் வாரமே கீழ் டிவிசன் சண்முகவடிவு கொழுந்து பறிக்கும் மலையில் நின்றபடி, 'எங்க லயத்துப் பைப் ஒடஞ்சிருக்கு' என்று எழுதினாள். அவள் பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் செல்லசாமி ஸ்பேனரோடு வந்து போயிருந்தான்.

"பாத்தீங்களாடி, எம் பேரு போட்டிருக்கு. நான் சொன்னது, அவன் செஞ்சது, ரெண்டும் நிக்கிது" என்று சண்முகவடிவு போனை லயம் முழுக்கக் காட்டினாள். யார் வாசலிலும் போய் நிற்காமல் ஒரு காரியம் நடந்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. குழாயில் காற்று வருவதை மட்டும் செல்லசாமியால் சரிசெய்ய முடியவில்லை. அதற்கு இன்னொரு தொட்டி வேண்டும். அந்த முறைப்பாடுகள் தீராமல் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயின.

இதெல்லாம் நல்லதுக்குத்தான். ஆனால் ஒரு கேடு நடந்துவிட்டது. முத்துலிங்கத்தின் இஸ்தோப்புக்கு ஆள் வருவது நின்றுபோனது.

வருடக்கணக்காக விடிந்ததும் அவர் வெள்ளை வேட்டியோடு தன் வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்காருவார். சனம் வந்து நிற்கும். "தலைவரே, தண்ணி வரல்ல" என்று சொல்லும். அவர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, "கவனத்துல எடுத்துக்கிட்டேன்" என்பார். தண்ணீர் வருகிறதோ இல்லையோ, அவருடைய கவனத்தில் ஏறாத குறை அந்தத் தோட்டத்தில் கிடையாது. இப்போதோ நாற்காலியில் அவரும் எதிரே ஒரு நாயும் மட்டுமே இருந்தார்கள். நாய்க்கு முறைப்பாடு ஏதுமில்லை.

"இந்தா வினோதா புள்ள, அந்த வெப்சைட்டுக்கு யாரு தலைவர்?" என்று ஒருநாள் கேட்டார்.

"தலைவர்னு இல்லீங்க மாமா. உரிமையாளர்னு ஒருத்தர் இருக்கணும். இப்ப நாந்தான்."

"சங்கத்துக்குத் தலைவர் நானு. அதுக்கு நீயா? நல்லாருக்கா இது? நாலு பேரு கேட்டா என்னா சொல்லுவாங்க?"

நாலு பேர் கேட்பதற்குப் பயந்து வினோதா உரிமையை மாற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு எல்லாவற்றையும் காட்டியும் கொடுத்தாள்.

"மூலையில புனல் மாதிரி இருக்கு பாருங்க. அது வடிகட்டி. மேல் டிவிசன்னு தெரிவு செஞ்சா மேல் டிவிசன் முறைப்பாடு மட்டும் நிக்கும். மத்தது மறைஞ்சிரும். அழியாது, உள்ள இருக்கும். ஆனா ஒண்ணு மாமா, நீங்க வச்சிட்டீங்கன்னா எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். பாத்துட்டு மறக்காம எடுத்துருங்க."

இவ்வளவு நீளப் பேச்சில் முத்துலிங்கத்தின் காதில் விழுந்தது, 'நீங்க வச்சிட்டீங்கன்னா எல்லாருக்கும் அப்படித்தான்' என்ற ஒரு வாக்கியம். தலைமை என்பதற்கு இதைவிடச் சிறப்பான விளக்கத்தை அவர் எங்கும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கடிதம் வந்தது. நீர் வழங்கல் வேலைத்திட்டத்திடம் ஒரு தொட்டி இருக்கிறது. கேட்பது இரண்டு தோட்டம்: ஒன்று ஆனைப்பாறை, மற்றது நோட்டன் பிரிட்ஜ் பக்கம். அலுவலர் துரைராசா நேரில் வந்து, சங்கத்தின் இணையப் பதிவில் முறைப்பாடுகளைப் பார்வையிட்டு முடிவு செய்வார்.

வினோதாவுக்குச் சந்தோஷம். "நம்ம பதிவு சுத்தமா இருக்கு மாமா. எங்க கொற கூட இருக்கோ அங்கதான் குடுப்பாங்க. நமக்குத்தான் தொட்டி."

முத்துலிங்கம் பரிதாபத்தோடு அவளைப் பார்த்தார். "படிச்ச புள்ளைக்கு ஒலகம் தெரியல்லியே. கொற சொன்னவனுக்கு யாரு குடுத்திருக்கா? ரோடு வந்திச்சே, எந்தத் தோட்டத்துக்கு வந்திச்சு? வெடி கொளுத்தி மாலை போட்ட தோட்டத்துக்கு. கொற சொன்ன தோட்டத்துக்கு என்னா வந்திச்சு? பொலிஸ் வந்திச்சு."

இது அவருடைய வாழ்நாள் அனுபவம். அதில் பொய்யுமில்லை. ஆகவே அன்று மாலையே உட்கார்ந்து, புனல் குறியை அமுக்கி, 'மேல் டிவிசன்' என்பதைத் தெரிவு செய்தார். திரையை நிறைத்திருந்த முறைப்பாடுகள் ஒரே மூச்சில் காணாமல்போயின. மேலே பெரிய எழுத்தில், 'தீராத முறைப்பாடுகள்: 0' என்று நின்றது.

முத்துலிங்கம் கண்கலங்கினார். இத்தனை வருடப் பொதுவாழ்வில் ஒரு டிவிசனின் குறைகளை முழுவதுமாக அவர் நீக்கியது இதுதான் முதல் தடவை.

அவருடைய மனைவி நாகலெட்சுமி, தன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர்களுடைய லயத்துக்கு எழுதுகிறவள் அவள்தான். "ஏங்க, நான் எழுதினதக் காணோமே?"

"மறைச்சிட்டேன்."

"எம் பேரையுமா?"

"பொண்டாட்டிக்குன்னு தனிச் சலுகை காட்ட ஏலுமா? ஊரு என்னா சொல்லும்?"

நாகலெட்சுமி கேனை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனாள்.

கைக்கு வந்துவிட்ட உரிமையை ஊரறியப் பதவியேற்பாக்கவும், இனிப் புதுக் குறை எதுவும் முளைத்துவிடாமல் தடுக்கவும்தான் முதலில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை வைபவம். கோயில் மண்டபத்தில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, வெற்றிலைமேல் உறை, உறைக்குள் ஆளாளுக்குப் புதிய கடவுச்சொல். தலைவர் மைக்கில் பெயரை அழைக்க, ஒவ்வொருவராக மேடையேறினார்கள். ஒரு மாலை, ஒரு உறை, ஒரு போட்டோ. எழுதும் உரிமை வைத்திருந்தவர்கள் எல்லோரும் கழுத்தில் மாலையோடு 'பார்வையாளர்' ஆகி இறங்கினார்கள். வினோதாவுக்குப் பொன்னாடை போர்த்தி, இந்தத் தளத்தின் சிற்பி என்று புகழ்ந்து, அவளையும் பார்வையாளர் ஆக்கினார். அதிகாரத்தை இவ்வளவு மரியாதையாகப் பிடுங்கியதை மலையகம் அதற்குமுன் கண்டதில்லை.

செல்லசாமி மட்டும் மேடையில் நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, பார்வையாளர்னா நான் என்னா செய்யலாம்?"

"பாக்கலாம்."

"பாத்திட்டு?"

"பெருமப்படலாம்."

மறுநாள் காலையிலேயே இஸ்தோப்பில் கூட்டம் கூடிவிட்டது. எழுத வழியில்லாத சனம் வெறுங்கேனோடு வந்து நின்றது. சண்முகவடிவு முன்வரிசையில் இருந்தாள். "தலைவரே, போன்ல எழுத விடமாட்டேங்குது. எங்களுக்குத் தண்ணி இல்லாததும் அதுல இல்ல. அப்ப நாங்க இந்தத் தோட்டத்துல இருக்கமா இல்லியா?"

முத்துலிங்கம் கண்ணை மூடினார். தலையை ஆட்டினார். "கவனத்துல எடுத்துக்கிட்டேன்" என்றார். எத்தனை நாளைக்குப் பிறகு! நெஞ்சு நிமிர்ந்தது. எதிரே நாய்க்கு இடமில்லாமல்போனது.

துரைராசா வந்த நாளில் வெடி கொளுத்தினார்கள். யாழ்ப்பாணத்து மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனை. மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தனக்கும் தாம்பாளத்தில் ஓர் உறை வந்ததைக் கண்டு திகைத்து, அதைப் பிரித்து, தன் மடிக்கணினியில் தளத்தைத் திறந்தார். அது புரொஜெக்டர் வழியாகக் கோயில் மண்டபத்து வெள்ளைச் சீலையில் பெரிதாக விழுந்தது. பூச்சியம், பூசணிக்காய் அளவில் தெரிந்தது.

"என்ன தலைவர், முறைப்பாடு ஒண்டும் இல்லையோ?"

"ஒண்ணுகூட இல்லீங்க சேர். நாங்க தோட்டத்த வச்சிருக்கிறது அப்படி."

வினோதா எழுந்தாள். "சேர், மேல மூலையில புனல் குறி நீலமா இருக்கு பாருங்க. வடிகட்டி போட்டிருக்கு. அத எடுத்துட்டுப் பாருங்க. கீழ் டிவிசன் முழுக்க உள்ள இருக்கு."

துரைராசா அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். "எனக்கு ஏலாமக் கிடக்குது பிள்ளை. பாக்க மட்டும்தான் விட்டிருக்கினம். தலைவர், நீங்கள் ஒருக்கா எடுத்து விடுங்கோவன்."

"எடுங்க தலைவரே!" என்று சண்முகவடிவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

 எடுத்தால் என்ன தெரியும் என்று முத்துலிங்கத்துக்குத் தெரியும். கீழ் டிவிசனின் காய்ந்த குழாய்கள் ஒவ்வொன்றும் சீலையில் வரிசைகட்டி நிற்கும். அதில் 'நாகலெட்சுமி, தலைவர் வீடு' என்பதும் நிற்கும். வெடி கொளுத்திய அன்றைக்கா இது? தொட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதா? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சேர், வடிகட்டிய மாத்துறதுன்னா சங்கத்துல பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானம் எடுக்கணும். நம்ம சட்டம் அப்படி."

அப்படி ஒரு சட்டம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. ஆனால் 'தீர்மானம்' என்ற சொல்லைக் கேட்டதும் துரைராசாவின் முகத்தில் ஒரு பக்தி படர்ந்தது. "தீர்மானம் எண்டால் சரிதான். ஒழுங்கு ஒழுங்காத்தான் இருக்கவேணும்."

"சேர், எங்க லயத்துக்கு வந்து பைப்பத் தொறந்து பாருங்க. ரெண்டு நிமிச நடை" என்றாள் சண்முகவடிவு.

"அம்மா, பதிவில இருக்கிறதைத்தான் பாக்கச் சொல்லி எனக்கு எழுத்தில தந்திருக்கினம். பைப்பைப் பாக்கச் சொல்லித் தரேல்லை." மூன்று பேனைகளில் ஒன்றை எடுத்து, பூச்சியம் என்று எழுதி, அதன்கீழ் ஒரு கோடும் போட்டார்.

முத்துலிங்கம் வாகனம்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். "பாத்தியா புள்ள, மனுசன் அசந்து போயிட்டாரு" என்றார் வினோதாவிடம். அவள் பொன்னாடையை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு அட்டன் பஸ்ஸுக்கு நடந்தாள்.

மாதம் ஒன்று கழிந்து, கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழும் ஒரு கடிதமும் சேர்ந்து வந்தன. சான்றிதழில் பொன் எழுத்தில், 'முறைப்பாடற்ற முன்மாதிரித் தோட்டம்' என்று இருந்தது. மாலை வேளை, வேலை முடிந்து வந்த சனம் கோயிலடியில் நின்றது. தலைவர் மைக்கைப் பிடித்துக் கடிதத்தின் முதல் பந்தியை உருக்கமாக வாசித்தார். ஆனைப்பாறையின் தண்ணீர் நிர்வாகம் முழு மாவட்டத்துக்கும் எடுத்துக்காட்டு என்று அதில் எழுதியிருந்தது. அங்கேயே நிறுத்தி, கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

"அடுத்த பந்திய நான் வாசிக்கிறேன் மாமா. எனக்குப் பாக்க அனுமதி இருக்கு" என்று வினோதா கடிதத்தை வாங்கினாள். "தங்கள் தோட்டத்தில் முறைப்பாடு எதுவும் இல்லாமையினால், தொட்டி நோட்டன் பிரிட்ஜ் தோட்டத்துக்கு வழங்கப்படுகிறது."

தலைவர் மைக்கை அணைத்தார்.

 சண்முகவடிவு கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். முத்துலிங்கம் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், இஸ்தோப்பில் நாற்காலிக்கு நேர்மேலே ஆணியடித்து மாட்டினார். நன்றாகத்தான் இருந்தது. நாகலெட்சுமி அவரைக் கடந்து பீலிக்கரைக்குப் போனாள். போகிறபோது சான்றிதழைப் பார்த்தாள். பார்வையாளர்கள் பார்க்கலாம்.

இதை இப்படியே விடக்கூடாது என்று தலைவர் முடிவு செய்தார். அநியாயம் நடந்தால் தட்டிக்கேட்பவனே தலைவன். அதிலும் ஆனைப்பாறை முழுவதிலும் முறைப்பாடு எழுதும் உரிமை இப்போது அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அதை நினைக்கையில் அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, தளத்தைத் திறந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பெயர்: முத்துலிங்கம், தலைவர். டிவிசன்: கீழ் டிவிசன். முறைப்பாடு: தண்ணீர் இல்லை. தொட்டியும் தரவில்லை. உடனே கவனத்தில் எடுக்கவும்.

'சேமி' என்பதை அழுத்தினார்.

எழுதியது மறைந்தது. தீராத முறைப்பாடுகள்: 0.