நாற்பத்திரண்டு பக்க மனிதர்

விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் முத்திரை விழுந்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, சாயத் தொழிற்சாலை வால்வுக்காரர் இரண்டு பேரானார். ஒருவர் தன் வீட்டுக் குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர் அந்த அலுவலகத்தின் ஆவண அறையிலிருந்து மடிப்புக் கலையாத சட்டையோடு வெளியே வந்து, எதிரே வந்த ஒருவரிடம் மணி கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். மூக்கும் முன்வழுக்கையும் காதோர நரையும் இருவருக்கும் ஒன்றேதான். அறிக்கையில் 'மனைவி உண்டு' என்று எழுதியிருந்ததால் இரண்டாமவர் நேரே வால்வுக்காரர் வீட்டுக்கு வந்தார். வீட்டின் முன்னறையில் தையல் கடை நடத்தும் அவர் மனைவி ஒரு பழைய சட்டையின் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கணவன் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்போதே வாசலில் கணவன் நிற்பதைக் கண்டாள். "எனக்கு மனைவி உண்டு" என்றார் வந்தவர். "உண்டுதான், இல்லைங்கல. நீங்க யாரு?" என்றாள் தையல்காரி. அதற்கு அறிக்கையில் பதில் இல்லாததால் அவர் மனைவி உண்டு என்பதையே மறுபடி சொன்னார். பதினெட்டு வருடம் வால்வுச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அவள் கணவருக்கு வலது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கும். வந்தவருக்கு இரண்டு தோளும் சமமாக இருப்பதை அவள் கண்ணாலேயே அளந்துவிட்டாள்.

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த காரியத்திலிருந்து வந்த வினை இது. சாயத் தொழிற்சாலையின் கழிவுக் குளம் நிரம்பிக் கரையைத் தொட்டுக் கிடந்தது. இனி ஒரு வாளி கூடக் கொள்ளாது என்று வால்வுக்காரர் மூன்று முறை மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்த ஞாயிறு அவருக்கு விடுமுறை. பகல் மூன்று மணிக்கு யாரோ மூன்றாம் எண் வால்வைத் திறந்துவிட்டார்கள். குளம் மொத்தமும் ஆற்றில் இறங்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்து, புதன்கிழமைக்குள் ஆற்றங்கரைத் தெருவில் பத்தொன்பது பேர் செத்துப்போனார்கள். அதில் பதினொன்று குழந்தைகள். வால்வைத் திறக்கச் சொன்னது யார் என்று தொழிற்சாலையில் தரை கூட்டுகிறவர் வரைக்கும் தெரியும். ஆனாலும் கடிதம் எழுதியவர் தலையில் கட்டுவதுதான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அந்த அம்பு வில்லிலேயே இல்லை; மனைவியின் தங்கை வீட்டுச் சமையலறையில் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒழுகுகிற குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தது.

அரசு வழக்கறிஞரிடம் அப்போது இரண்டு எழுத்தர்களும் ஒரு ஓட்டை ஜீப்பும் இருந்தன. தொழிற்சாலை முதலாளி தாமாகவே ஒரு தனியார் துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தி, உண்மையைக் கண்டுபிடிப்பதில் அரசுக்குத் தோள் கொடுப்பதாக அறிவித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்த ஓநாய்க்கு அரசு வழக்கறிஞர் நன்றிக் கடிதம் அனுப்பினார். கடிதத்தை எழுதிக் கொடுத்ததும் அந்த நிறுவனம்தான். நிறுவனத்தின் தலைமை ஆள் மெல்லப் பேசுகிறவர். சாட்சி வாய் திறக்குமுன் இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டுவார் என்பதால் தொழிலாளர்கள் அவருக்கு இருமல் மிட்டாய் என்றே பெயர் வைத்தார்கள். நிறுவனத்தார் வேலை செய்யும் முறை தனி. பதிலை முதலில் தட்டச்சு செய்துவிட்டு, பிறகுதான் அதற்கேற்ற கேள்வியைத் தேடுவார்கள். சாட்சி தடுமாறினால் அந்தப் பதிலை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள், தடுமாற்றம் போகும்வரை. வேலை போய்விடும் என்று பயந்த அறுபது பேர் தொழிற்சாலையின் கூட்ட அறையில் உட்கார்ந்து மிட்டாயைச் சப்பிக்கொண்டே படித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையின் வருகைப் பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நிறுவனத்தார் வாங்கிப் போனார்கள். அது பத்திரமாகவே காணாமல் போனது. பாவம், சாட்சிகளை எதற்கு இன்னொரு தடவை தொந்தரவு செய்வது என்று அரசு வழக்கறிஞர் அந்த அறுபது பேரில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. எவ்வளவு இளகிய மனம் பாருங்கள். திருடனும் தோட்டக்காரனும் கூட்டுச் சேர்ந்தால் விடிய விடியத் திருடலாம். இவர்கள் பட்டப்பகலில், கோப்புக்கு எண் போட்டு, ஒருவருக்கொருவர் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு செய்தார்கள்.

அப்படி உருவான நாற்பத்திரண்டு பக்கத்தில்தான் அந்த இரண்டாமவர் பிறந்தார். அவரை ஊர் அறிக்கைக்காரர் என்று கூப்பிட்டது. முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. அடுத்த வாரம் தக்காளி விலை ஏறியதால் கூட்டம் அந்தப் பேச்சுக்குப் போய்விட்டது. வழக்கு நடந்தபோது அறிக்கைக்காரரைச் சான்றுப் பொருள் எண் பதினான்கு என்று குறித்து, கழுத்தில் அட்டை மாட்டிக் கூண்டில் ஏற்றினார்கள். "மூன்றாம் எண் வால்வைத் திறந்தது நான்தான். யாரும் சொல்லவில்லை. என் கவனக்குறைவு" என்றார் அவர். எத்தனை தடவை கேட்டாலும் அதே சொற்கள், அதே மூச்சு. உண்மையான வால்வுக்காரரோ மைத்துனி வீட்டுக்குப் போனது இரண்டரை மணி என்றார், பிறகு மூன்று இருக்கும் என்றார், குழாயைக் கழற்றியபின் தேநீர் குடித்ததாகவும் கழற்றுமுன் குடித்ததாகவும் சொன்னார். மனுஷன் அப்படித்தான் சொல்வான். தையல்காரியின் தங்கை சாட்சி சொல்ல வந்து, "அத்தான் எங்க வீட்லதாங்க இருந்தாரு. தொட்டிக்கு அடியில படுத்துக்கிட்டு, அந்த ஸ்பேனரை எடு இந்த ஸ்பேனரை எடுன்னு என் உயிரை வாங்கிட்டாரு" என்றாள். உறவுக்காரி என்பதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அங்கே நிற்கிறாரே, அவரை உள்ளே போடுங்கள் என்று தையல்காரி எழுந்து கத்தினாள். சான்றுப் பொருளைச் சிறையில் அடைக்கச் சட்டத்தில் இடமில்லை, அது சொன்ன குற்றத்துக்குச் சொந்தக்காரரைத்தான் அடைக்க முடியும் என்று நீதிபதி பொறுமையாக விளக்கிவிட்டு ஒன்பது வருடம் போட்டார்.

வழக்கு முடிந்தால் சான்றுப் பொருள்களை உரியவர் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அதன்படி கணவருடைய காலணி ஒரு ஜோடி, கடிதங்களின் நகல் மூன்று, அறிக்கைக்காரர் ஒன்று என்று எழுதி தையல்காரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கையிலிருந்த கத்தரிக்கோலால் அந்தச் சமமான தோள் இரண்டையும் வெட்டி எறியலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அந்த மனிதர் வாசலில் காலணியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் நின்றபோது, அடிக்க ஓங்கிய கைக்கு ஆள் இவரில்லை என்று அவளுக்கே புரிந்தது. அவர் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு, பத்து மணிக்கு, முதல் பக்கத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்குவார். தையல்காரி உடனே மெஷினின் மோட்டாரைப் போட்டுவிடுவாள். அந்த இரைச்சலில் தெருவே காது அடைத்துக் கிடக்கும், அவர் சொல்வது ஒன்றும் கேட்காது. ஆற்றங்கரைத் தெருப் பெண்கள் இரண்டு வருடம் அவள் கடையில் துணி கொடுக்கவில்லை. மாதம் ஒரு முறை சிறைக்குப் போய்க் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வீட்டில் எல்லாம் நன்றாக இருப்பதாகக் கணவரிடம் பொய் சொல்லிவிட்டு வருவாள்.

மூன்றாம் வருடம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் சாயங்காலம் வரை வரவில்லை. தையல்காரி கையால் பட்டன் தைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், முதல் தடவையாக அவர் சொல்வதை முழுக்கக் கேட்டாள். நீதிமன்றத்தில் பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல் யாரும் அவரைப் பேச விட்டதில்லை. பேச விட்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். பகல் ஒன்றரை மணி வாக்கில் முப்பத்தேழாம் பக்கம் வந்தது. "முதலாளியிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர்தான் திறக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை யாரும் சோதனைக்கு வரமாட்டார்கள் என்றார்" என்று சொல்லிவிட்டு, அறிக்கைக்காரர் அதே மூச்சில் முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போனார். பட்டன் ஊசி அவள் விரலில் ஏறியது. நடந்தது இதுதான்: துப்பறியும் நிறுவனம் சில வருடம் முன்பு வேறொரு ஊரில், வேறொரு முதலாளிக்கு எதிராக, அவருடைய போட்டியாளருக்காக ஓர் அறிக்கை தயாரித்திருந்தது. புதிதாக எழுதச் சோம்பல்பட்டு அந்தப் பழைய அறிக்கையையே அச்சாக வைத்து, ஊரையும் தேதியையும் ஆளையும் மாற்றினார்கள். முப்பத்தாறு பக்கம் மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனவர்கள், திரும்பி வந்து முப்பத்தெட்டிலிருந்து தொடர்ந்தார்கள். யாரோ ஒருவருடைய பழைய குற்றம் அப்படியே நின்று, இங்கே நடந்ததோடு சொல்லுக்குச் சொல் பொருந்திப்போனது. முதலாளிமார்கள் தொலைபேசியில் பேசுவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

மறுநாள் அவள் அறிக்கைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனாள். அரசு வழக்கறிஞரும் இருமல் மிட்டாயும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் நாற்காலி இல்லை, அவள் நின்றுகொண்டே பேசினாள். அறிக்கைக்காரர் முப்பத்தேழாம் பக்கத்தைச் சொன்னார்.

"அந்தப் பக்கம் மட்டும் பிழைம்மா" என்றார் அரசு வழக்கறிஞர்.

"மத்த நாப்பத்தொண்ணு?"

"அதெல்லாம் சரி."

"எப்படிங்க? ஒரே வாய்தானே சொல்லுது. ஒரே முத்திரைதானே குத்தியிருக்கீங்க. என் வீட்டுக்காரரை உள்ள வைக்கும்போது இந்த வாய் பொன்னான வாய், உங்க முதலாளி பேரைச் சொன்னா மட்டும் ஓட்டை வாயா?"

"அவர் எங்க முதலாளி இல்லம்மா. நாங்க அரசாங்கம்."

"அப்ப எதுக்குங்க இவரு உங்க பக்கத்துல உக்காந்திருக்காரு?"

அரசு வழக்கறிஞர் பேனா மூடியைத் திருகினார். இருமல் மிட்டாய், பழக்க தோஷத்தில், ஒரு மிட்டாயை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீங்களே போட்டுக்குங்க" என்றாள் தையல்காரி. "மேல் கோர்ட்ல நிறையப் பேச வேண்டியிருக்கும். தொண்டை கட்டிக்கப் போகுது."

மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் இருந்தார்கள். இவரை முழுக்கக் கேட்க வேண்டும் அல்லது கேட்கவே கூடாது, வெட்டித் தைக்க இவர் துணியில்லை என்று தையல்காரி மனுவில் எழுதச் சொன்னாள். இலவச வக்கீல் அதை நாகரிகமான பாஷையில் எழுதினார். நாற்பத்திரண்டு பக்கமும் சொல்லி முடிக்க நான்கு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனது. முப்பத்தேழாம் பக்கத்தின்போது முதலாளியின் வக்கீல்கள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். பதினோரு மாதம் கழித்து வந்த தீர்ப்பு, அறிக்கை மொத்தமும் நம்பத்தக்கதல்ல என்றது. ஆகவே வால்வுக்காரரை விடுதலை செய்யலாம். அடுத்த வரியிலேயே இன்னொன்றும் சொன்னது: அறிக்கை மொத்தமும் நம்பத்தக்கதல்ல என்பதால் முதலாளி மீது விசாரணைக்கும் முகாந்திரம் இல்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் கழுத்தை நெரிப்பது என்பது இதுதான். பத்தொன்பது சாவுக்கு உலகத்தில் ஒருவர்கூடப் பொறுப்பில்லை என்று சட்டப்படி முடிவானது. அரசு வழக்கறிஞருக்குப் பதவி உயர்வு வந்தது. துப்பறியும் நிறுவனத்துக்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிரந்தரமாக ஓர் அறை ஒதுக்கினார்கள், இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே கதவு வைத்து. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

வால்வுக்காரர் வீட்டுக்கு வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டால், "எட்டு மணி பதினாலு நிமிஷத்துக்கு, ரெண்டு ரொட்டி" என்பார். இன்னொரு தடவை கேட்டால் அதையே சொல்வார், ஒரு நிமிடம் பிசகாது. பேச்சு முன்னுக்குப் பின் ஆகிவிடக் கூடாது என்று ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டார். அவரைப் பார்க்கப் பார்க்கத் தையல்காரிக்குத் தாங்கவில்லை. நல்லா தப்புத்தப்பாப் பேசிக்கிட்டிருந்த மனுஷனை இப்படி ஆக்கிட்டாங்களே என்று தங்கையிடம் சொல்லி அழுதாள். அழுது முடித்ததும் அவளுடைய கோபம் அழுகைக்கு முன்னிருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

தீர்ப்பு வந்த மறுநாளே அறிக்கைக்காரருக்கு நாற்பத்தோரு பக்கங்கள் மறந்துபோயிருந்தன. முப்பத்தேழாம் பக்கம் மட்டும் மறக்கவில்லை. தள்ளுபடியான சான்றுப் பொருளை அழித்துவிட உத்தரவு வந்தது. ஆனால் மூச்சு விடுகிற ஒன்றை அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் துணியவில்லை. கோப்பு இன்னும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் தையல்காரி தினமும் காலை ஒன்பதே காலுக்குப் பேருந்து ஏறி, அவரை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் முன்படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கடைக்குத் திரும்புவாள், சாயங்காலம் போய்க் கூட்டி வருவாள். ஏழு வருடத்தில் ஒரு வேலைநாள்கூடத் தவறியதில்லை. அவர் போடும் சட்டைகளையும் அவளே தைக்கிறாள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை அவர் முதலாளி தொலைபேசியில் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆற்றங்கரைத் தெருவிலிருந்து சில அம்மாக்கள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். முதலில் அலுவலகத்தார் ஜன்னல்களை மூடினார்கள், பிறகு வெயில் காலம் வந்ததும் திறந்துவிட்டார்கள். மழை நாளில் நனையாமல் இருக்க யாரோ ஒரு தகரக் கூரைகூடப் போட்டுக் கொடுத்தார்கள். போன வாரம் ஏதோ சான்றிதழ் வாங்க வெளியூரிலிருந்து வந்த ஒருவர் படியில் அவர் நிற்பதைப் பார்த்துத் தயங்கி, யார் இவர் என்று வாசற்காவலரைக் கேட்டார். "அவரா? நடந்ததைச் சொல்றவருங்க" என்றார் காவலர். "நீங்க இப்படிச் சுத்திக்கிட்டு அந்தப் பக்க வாசல் வழியா போங்க." வந்தவர் தலையாட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.