வெட்டு இருக்கா

உதயராஜ் காலை ஆட்டாமல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சோறு தின்னும்போதுகூட முழங்கால் துள்ளிக்கொண்டிருக்கும். ருவான்வெல்லைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் அவனுடைய அப்பா பழனிமுத்துவும் அம்மா தங்கம்மாவும் பால் வெட்டினார்கள். அவன் சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை பொறுக்காமல் கேகாலைக்குப் பஸ் ஏறினான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் புவாட் நானா ஒரு கடை வைத்திருந்தார். கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. அங்கே வேலைக்குச் சேர்ந்தான். தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது.

கசெட் போய் சீடி வந்தபோது புவாட் நானா ஒரு பழைய கணினி வாங்கினார். அதில் டிரம்ஸ் சத்தங்களை வெட்டி ஒட்டி பீட் செய்யலாம் என்று உதயராஜ் தானாகவே கண்டுபிடித்தான். கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் ஹெட்போனும் காதுமாக இருந்தான். ஒன்று முடிவதற்குள் அது பிடிக்காமல் போய்விடும், அடுத்ததைத் தொடங்குவான். சுனாமிக்கு அடுத்த வருடம் புவாட் நானா கொழும்பில், தெமட்டகொடையில், ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேதான் இசுரு வந்தான். சிங்களத்தில் ராப் பாடுகிறவன், அவனுடைய வயதுதான். உதயராஜின் பீட் ஒன்றைக் கேட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து, சாயந்தரம்வரை அங்கேயே இருந்தான். இருவரும் சேர்ந்து செய்த முதல் மூன்று பாட்டும் வானொலியில் ஓடின. சீடி அட்டையில் இசை என்ற இடத்தில் 'உதய' என்று, சிங்களவர்களும் வைக்கிற பேராக, போட்டிருந்தது. ராஜ் எங்கே என்று உதயராஜ் கேட்டான். சின்னப் பேர்தான் வாயில் நிற்கும் மச்சான் என்றான் இசுரு. அதற்குப் பின்னால் வேறு காரணம் எதுவும் இல்லை என்று நம்புவது இருவருக்கும் வசதியாக இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்த அந்த நாளில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெயரோடு நடமாடுவது லேசான காரியம் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது சின்ன ரெக்கோர்டர் ஒன்றைக் கொண்டுபோயிருந்தான். விடியற்காலையில் தூறிக்கொண்டிருந்தது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. தங்கம்மா லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று கீழே பாதையில் போன கங்காணியிடம் கேட்டாள். 'இன்னைக்கு வெட்டு இருக்கா?' கடைசி எழுத்தில் குரல் மேலே போய் அப்படியே நின்றது. உதயராஜ் ரெக்கோர்டரை அமுக்கியிருந்தான்.

தெமட்டகொடைக்குத் திரும்பியதும் அதை வெட்டிச் சுருக்கி, குரலைக் கொஞ்சம் கீச்சாக்கி, பீட்டின் நடுவே சுழலவிட்டான். வெட்டு இருக்கா, வெட்டு இருக்கா. இசுரு கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவும் இல்லை. அன்றைக்கே அதன்மேல் ஒரு பார்ட்டிப் பாட்டை எழுதினான். இரண்டாயிரத்து ஏழில் அந்தப் பாட்டு நாடு முழுக்க ஓடியது. கல்யாண வீடுகளில் ஆடினார்கள். தனியார் பஸ்களில் அலறவிட்டார்கள். உதயராஜைத் தேடிப் பாடகர்கள் வரிசையாக வந்தார்கள்.

அடுத்த முறை அம்மாவுக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். தங்கம்மா அதைத் தொடவில்லை. தங்கச்சி சுஜீதாதான் அவனை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அம்மா சாமான் வாங்க ருவான்வெல்லைக்குப் போகும்போது பஸ்ஸில் அந்தப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். தன் குரலை அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த நம்ம தோட்டத்துப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து கடைத்தெருப் பொடியன்கள் அம்மாவைக் கண்டால் 'வெட்டு இருக்கா' என்று கீச்சுக்குரலில் கத்துகிறார்கள். அம்மா இப்போது கடைக்கே போவதில்லை.

உதயராஜ் உள்ளே போய், அது கிண்டலுக்குச் செய்தது இல்லை, அந்தக் குரல் அவ்வளவு நல்லா இருந்தது என்று சொல்லப் பார்த்தான். தங்கம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நான் சோத்துக்குக் கேட்ட கேள்விப்பா அது. அதுக்கு ஆடுறாங்க."

"தப்புதாம்மா. கேட்டுட்டு எடுத்திருக்கணும்."

"எடுத்தது எடுத்துட்ட. அந்தப் பாட்டுல இசுரு கொரல் இருக்கு, என் கொரல் இருக்கு. ஒன் கொரல் எங்க?"

உதயராஜ் பையை எடுத்துத் தோளில் போட்டான். அன்று மதியமே கொழும்புக்குத் திரும்பிவிட்டான். போகிற வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது, யார்மேல் என்று தெரியாத எரிச்சல்.

அதற்குப் பிறகு அவனுக்கு எந்த பீட்டும் சரிவரவில்லை. அறை மாறினான், மறுபடி மாறினான். ஸ்டூடியோவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மைக்குக்கு முன்னால் நின்றான். முதலில் வந்த குரல் சீடிகளில் கேட்ட அமெரிக்கக்காரன் குரல். அடுத்தது சினிமாப் பாட்டுக்காரர்களின் குரல். புவாட் நானா ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஸ்பீக்கரில் அதைக் கேட்டார்.

"இது யார்ட கொரல்?" என்றார்.

"என்னதுதான் நானா."

"பொய் சொல்லாத. ஒன்ட கொரல் எனக்குத் தெரியும். எட்டு வருஷமா கேக்குறன்."

உதயராஜ் எல்லாவற்றையும் அழித்தான். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதினால் என்ன என்று ஒரு பஸ் பயணத்தில் தோன்றியது. அவிசாவளைச் சந்தியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது முதல் வரி வந்தது. 'ருவான்வெல்ல பஸ்ஸுல ஏறினேன், பேர்ல பாதிய எறக்கி வச்சேன்.' சிப்பாய் அட்டையைப் பார்த்துவிட்டு, முழுப் பெயரையும் சத்தமாக வாசித்துத் திருப்பிக் கொடுத்தான். மறுபடி பஸ்ஸில் ஏறும்போது அவனுக்கு இரண்டாவது வரியும் கிடைத்திருந்தது.

அந்த வாரமே பாடிப் பதிந்தான். அம்மாவின் குரலை அதில் எங்கும் போடவில்லை. தன் பெயரை முழுசாகச் சொன்னான்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கேகாலையில் இசுருவின் நிகழ்ச்சி இருந்தது. அதில் இந்த ஒரு பாட்டைப் பாட இடம் கேட்டான். இசுரு பாட்டை இரண்டு முறை கேட்டான். நல்லா இருக்கு என்றான், மனதோடுதான் சொன்னான். பிறகு நிலத்தைப் பார்த்தபடி, இப்ப வேணாம் மச்சான் என்றான். சண்டை நடக்கிற நேரத்தில் தமிழில் பாடினால் கூட்டத்தில் எவனாவது போத்தல் வீசுவான், ஏற்பாட்டாளர்கள் மிரளுவார்கள், எல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் உதயராஜுக்குத் தாங்கவில்லை. அப்படியென்றால் உன் பாட்டில் இருக்கிற தமிழ் மட்டும் எப்படி ஓடுது என்று கேட்டான். அது யாருக்கும் விளங்காதே என்றான் இசுரு. சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே தெரிந்தது. உதயராஜ் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து வேலை செய்யவில்லை.

மற்றப் பாடகர்களும் மெல்ல வருவதை நிறுத்தினார்கள். புவாட் நானா ஸ்டூடியோவை அவனுடைய பாட்டுகளுக்குச் சும்மா கொடுத்தார். பகலில் கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டுச் சேர்த்துக் கொடுத்து, மிச்ச நேரத்தில் தன் பாட்டுகளைச் செய்தான். தமிழ் வானொலியில் ஒருவர் சீடியைத் திருப்பிக் கொடுத்தார். தோட்டத்துப் பேச்சு வானொலிக்குச் சரிவராது என்றார். ஆனால் கொழும்புக் கடைகளில் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகள் அந்த ருவான்வெல்ல பஸ் பாட்டைக் கைத்தொலைபேசியிலிருந்து கைத்தொலைபேசிக்கு மாற்றினார்கள். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது கொண்டுபோனார்கள். அவன் கால் வைக்காத தோட்டங்களிலெல்லாம் அது ஓடியது.

சுஜீதா அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். தங்கம்மா முழுக்கக் கேட்டாளாம். வேகமா பேசுறான், பாதி வெளங்கல, ஆனா அவன்தான் பேசுறான் என்றாளாம். கேட்டு முடித்துவிட்டு, அந்தக் கைத்தொலைபேசியை எப்படித் திறப்பது என்று கேட்டிருக்கிறாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிந்து மூன்று மாதத்தில், கலவான பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றம் அவனைக் கூப்பிட்டது. மத்தியானம், தோட்டத்துப் பாடசாலை மண்டபம். அவன் மேடை ஏறுவது அதுதான் முதல் தடவை. முன்வரிசையில் வேலையிலிருந்து நேரே வந்த பெண்கள், தலையில் கட்டிய துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பொடியன்கள் ஜன்னலில் ஏறி நின்றார்கள். அந்த பஸ் பாட்டின் பீட் தொடங்கியது. நான்கு வரி பாடியிருப்பான். சிங்கராஜக் காட்டுப் பக்கமிருந்து மழை ஒரேயடியாக வந்து தகரக் கூரையில் விழுந்தது. கரண்ட் போனது.

பீட் நின்றது. மைக்கும் செத்துவிட்டது. பத்து வருடமாக அவன் எதற்குப் பின்னால் நின்றானோ அது எதுவும் இல்லை. இறங்கிப் போய்விடலாம் என்று படியைப் பார்த்தான். படியில் மன்றத்துத் தலைவி விஜயகலா நின்றிருந்தாள்.

"ஜெனரேட்டர் இல்லீங்க," என்றாள். "நீங்க பாடுங்க. நாங்க கேக்குறோம்."

அவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்து, கத்தினான். கூரைச் சத்தத்தில் முதல் வரி முன்வரிசையைத் தாண்டவில்லை. இரண்டாவது வரியைப் பின்னால் நின்ற பொடியன்களே பாடினார்கள். அவர்களுக்கு வார்த்தை முழுக்கத் தெரிந்திருந்தது. பெண்கள் கை தட்டத் தொடங்கினார்கள். தாளம் ஓட ஆரம்பித்தது, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடியது. ஸ்டூடியோவில் ஒரு நூலிழை பிசகினாலும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொல்லுகிறவன் அவன். அவர்களைப் பிடித்து நிறுத்தக் கையைத் தூக்கினான். கையைத் தூக்கியதும் அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அவன் கையை இறக்கினான். மூச்சை இழுத்துக்கொண்டு, அவர்களுடைய வேகத்துக்கே ஓடினான். சில சொற்கள் விழுந்தன, விழுந்த சொற்களைக் கூட்டம் எடுத்துக்கொண்டது. முடிந்தபோது தொண்டை கிழிந்திருந்தது. மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு பாட்டு என்று யாரோ கேட்டார்கள். பீட் இல்லாமல் பாடத் தெரிந்த பாட்டு அந்த ஒன்றுதான் என்றான். அப்படியென்றால் அதையே பாடச் சொன்னார்கள்.